குழந்தைக்குத் தட்டைப் பாதமா? கையால் நீவினால் வளைவு வருமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். பெரும்பாலும் வெறுங்காலில்தான். அப்பா, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளும் நடக்கிறார்கள். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் "காலு வலிக்குதும்மா" என்று ஆரம்பிக்கும் குழந்தைகள் நிறைய. வீடு திரும்பிக் கால் கழுவிவிட்டு சிமென்ட் தரையில் நடக்கும்போது சில பெற்றோர் கவனிக்கிறார்கள்: குழந்தையின் ஈரப் பாதச் சுவடு நடுவில் வளைவே இல்லாமல் முழுசாகப் பதிந்திருக்கிறது.

அடுத்து போனை எடுத்துத் தேடுவார்கள். உடனே வந்து விழும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "தட்டைப் பாதத்தைக் கவனிக்காவிட்டால் முதுகெலும்பு வளையும்", "மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, கையாலேயே சரி செய்கிறோம்". இந்த வரிசையில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு பெயர் ஆஸ்டியோபதி.

இது என்ன சிகிச்சை? தட்டைப் பாதத்துக்கு உதவுமா? முதலில், உங்கள் குழந்தைக்குச் சிகிச்சையே தேவையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டைப் பாதம்னா என்ன?

நம் பாதத்தின் உட்பக்கத்தில், குதிகாலுக்கும் கட்டைவிரல் அடிக்கும் நடுவே, தரையைத் தொடாத ஒரு வளைவு இருக்கும். நிற்கும்போது அந்த வளைவு தெரியாமல் பாதம் முழுவதும் தரையில் படிந்தால் அது தட்டைப் பாதம்.

இதில் இரண்டு வகை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கட்டும்.

முதல் வகை, நெகிழும் தட்டைப் பாதம். நிற்கும்போது வளைவு மறைந்துவிடும். உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாலோ, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றாலோ வளைவு திரும்ப வந்துவிடும். குழந்தைகளிடம் காணப்படும் தட்டைப் பாதம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, இறுகிய தட்டைப் பாதம். நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராது. பாதம் விறைப்பாக இருக்கும். இது அபூர்வம். ஆனால் வந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்கும். தனித்தனியாக இருக்க வேண்டிய பாத எலும்புகள் ஒட்டியிருக்கலாம், மூட்டு அழற்சி இருக்கலாம், நரம்பு அல்லது தசை தொடர்பான நோய் இருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள், பின்னாலிருந்து பாருங்கள். வளைவு தெரிகிறதா, குதிகால் லேசாக உள்பக்கம் திரும்புகிறதா? ஆம் என்றால் அது நெகிழும் வகை. இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அரை நிமிஷம் செலவழித்துச் செய்யக்கூடியது.

எந்த வயசுல வளைவு வரணும்?

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாக்கோலத்தில் குட்டிப் பாதங்கள் வரைவோம் இல்லையா? முஷ்டியின் பக்கவாட்டை மாவில் தோய்த்து வைத்தால் அழகாக உள்வளைந்த ஒரு பாதம் கிடைக்கும். ஆனால் இப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு நிஜக் குழந்தை மாவில் கால் வைத்தால் சுவடு அப்படி வராது. கொழுக்கட்டை மாதிரி முழுசாகப் பதியும்.

காரணம் எளிது. கைக்குழந்தைகளின் பாதத்தில் வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திட்டு இருக்கிறது. எலும்புகளை இணைக்கும் தசைநார்களும் தளர்வாக இருக்கின்றன. பாதத்தின் எலும்புகளில் பல அப்போது இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். குழந்தை வளர வளர இவை மாறுகின்றன. வளைவு உருவாவது பெரும்பாலும் முதல் பத்து வயதுக்குள் மெதுவாக நடக்கும் வேலை.

ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையிலான 835 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. 3 வயதுக் குழந்தைகளில் 54 சதவீதம் பேருக்கு நெகிழும் தட்டைப் பாதம். 6 வயதுக் குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கு மட்டுமே. நோய் என்று சொல்லக்கூடிய தட்டைப் பாதம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே ஆய்வில் பத்தில் ஒரு குழந்தை ஏற்கெனவே ஷூவுக்குள் வளைவுத் தாங்கி போட்டுக்கொண்டிருந்தது. தேவைக்கு மேல் சிகிச்சை தரப்படுகிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இந்த 54, 24 கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கீழே திரும்ப வரும்.

சரி, ஆஸ்டியோபதி யாருடையது?

அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874இல் முன்வைத்த முறை இது. 1892இல் மிசௌரி மாகாணத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் இதற்கான முதல் கல்லூரியைத் தொடங்கினார். உடலின் எலும்பு, தசை அமைப்பு சரியாக இருந்தால் உடல் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. அழுத்துவது, நீட்டுவது, மூட்டை அசைப்பது எனக் கைகளால்தான் சிகிச்சை.

நமக்கு இது ஒன்றும் அந்நியமான யோசனை இல்லை. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, கால்களை உருவிவிடும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வர்மமும் புத்தூர் கட்டும் வட மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். 'கைப்பக்குவம்' மேல் நமக்கு உள்ள நம்பிக்கையின் மேல்தான் இந்தப் புதிய பெயரும் வந்து உட்காருகிறது.

ஆனால் நாட்டுக்கு நாடு இந்தப் பெயரின் அர்த்தம் மாறுகிறது. அமெரிக்காவில் 'டி.ஓ.' பட்டம் பெற்றவர் முழுமையான மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்டியோபதியர்கள் தனிக் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அங்கே அவர்களின் வேலை பெரும்பாலும் கைச் சிகிச்சைதான். இந்தியாவில் ஆஸ்டியோபதி எம்.பி.பி.எஸ்.க்குச் சமமான பட்டம் இல்லை. ஆயுர்வேதம், யோகா மற்றும் இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி அடங்கிய ஆயுஷ் பட்டியலிலும் இது இல்லை. ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டப்படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள். பிசியோதெரபி படித்துவிட்டுக் கூடுதல் பயிற்சி எடுத்தவர்களும் இந்தப் பெயரில் இயங்குகிறார்கள்.

போர்டுல 'டாக்டர்'னு இருந்தா போதாதா?

போதாது. பெயருக்கு முன்னால் யார் 'டாக்டர்' போடலாம் என்பதிலேயே நாட்டில் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்கள் அப்படிப் போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் ஒரு கடிதம் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசே தடுமாறும் இடத்தில் போர்டை மட்டும் பார்த்து நாம் முடிவெடுக்க முடியாது.

எனவே கேட்க வேண்டியது: "என்ன படிச்சிருக்கீங்க? எந்தக் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கீங்க?" எம்.பி.பி.எஸ். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்பதில் தப்பே இல்லை. முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கையால் நீவினா வளைவு வருமா?

குழந்தைகளுக்கான ஆஸ்டியோபதி சிகிச்சை பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்துமா, பால்குடிக் குழந்தைகளின் வயிற்று வலி எனப் பல பிரச்சினைகளுக்கான ஆய்வுகள் அதில் இருந்தன. ஆய்வுகளின் எண்ணிக்கையும் குறைவு, தரமும் குறைவு, எனவே பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அது முடித்தது. கைச் சிகிச்சையால் குழந்தையின் பாத வளைவு நிரந்தரமாக உயர்கிறது என்று காட்டிய பெரிய, நம்பகமான ஆய்வு எதுவும் இல்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இறுகிய கெண்டைக்கால் தசையை நீட்டிவிடுவது, விறைத்த கணுக்காலை அசைத்துவிடுவது போன்றவை வலி உள்ள குழந்தைக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம். பாதத்தை மென்மையாகப் பிடித்துவிடுவதில் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் 'இதமா இருக்கு' என்பதும் 'வளைவு வந்துடுச்சு' என்பதும் வேறு வேறு.

பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியாயிடுச்சே?

இங்கேதான் அந்த 54, 24 கணக்கு வருகிறது. தட்டைப் பாதம் உள்ள 3 வயதுக் குழந்தைகள் 54 பேரை ஒரு சிகிச்சை மையத்தில் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்வது மட்டும்தான் 'சிகிச்சை'. ஆறு வயதில் திரும்பப் பார்த்தால், ஆஸ்திரியக் கணக்குப்படி ஏறக்குறைய 30 பேருக்குப் பாதம் சரியாகியிருக்கும். ஆய்வில் அளந்தது ஒவ்வொரு வயதிலும் வெவ்வேறு குழந்தைகளைத்தான். ஆனாலும் போக்கு அதுவே. அந்த 30 குடும்பங்களும் மனசாரச் சொல்லும்: "எங்க பிள்ளைக்கு அங்கதான் சரியாச்சு." யாரும் பொய் சொல்லவில்லை. வளர்ச்சி செய்த வேலைக்குச் சிகிச்சை பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சிகிச்சை பெறாத குழந்தைகளையும் கூடவே கவனிப்பது. அமெரிக்காவில் டல்லஸ் நகரில் அதைச் செய்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வில் 129 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறப்பு ஷூ, ஒரு குழுவுக்குக் குதிகால் கிண்ணம், ஒரு குழுவுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தாங்கி, இன்னொரு குழுவுக்கு எதுவுமே இல்லை. மூன்று வருடம் கடைசிவரை தொடர்ந்தவர்கள் 98 பேர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எல்லா குழுவிலும் பாதம் முன்னேறியிருந்தது. எதுவும் தராத குழுவிலும்தான். குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

அப்போ இன்சோல், ஸ்பெஷல் ஷூ?

ஷூவுக்குள் வைக்கும் தாங்கிகள் பற்றி 2022இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, 1,058 குழந்தைகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வலி இல்லாத குழந்தைகளுக்கு இவற்றால் பலன் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. வலி உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் அது வேறு விஷயம். அங்கேயும் விலை அதிகமான 'கஸ்டம்' தாங்கிதான் சிறந்தது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை.

காசு மட்டும் பிரச்சினை இல்லை. சிறுவயதில் சிறப்பு ஷூ போட்டு வளர்ந்த பெரியவர்களை ஆராய்ந்து 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. மற்றவர்களைவிட அவர்களிடம் தன்மதிப்பு குறைவாக இருந்தது. 'உன் காலு சரியில்லை' என்று ஒரு குழந்தையிடம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் அது உள்ளே போய் உட்காரத்தானே செய்யும்?

வெறுங்காலில் நடந்தால் நல்லதா?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டும் ஆய்வு நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. கர்நாடகத்தின் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1992இல் வெளியானது. காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போடுபவர்களிடம் அதிகம், செருப்பு, சாண்டல் போடுபவர்களிடம் குறைவு, வெறுங்காலில் நடப்பவர்களிடம் மிகக் குறைவு.

இதை வைத்து 'ஷூதான் காரணம்' என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. காலணி போடும் குடும்பத்துக்கும் போடாத குடும்பத்துக்கும் சாப்பாடு, உடல் எடை, விளையாட்டு எல்லாமே மாறலாம். வெறுங்காலைப் புனிதமாக்கவும் வேண்டாம். ஜவ்வாது மலையில் முள்ளும் கல்லும் மிதித்துப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் செருப்பு ஒரு பாதுகாப்பு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதம் வழியாகத்தான் உடலுக்குள் நுழைகிறது. அரசுப் பள்ளிகளில் விலையில்லா காலணி கொடுப்பது தேவையான திட்டம்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: வெளியே காலணி, வீட்டுக்குள்ளும் சுத்தமான மணலிலும் வெறுங்கால். பள்ளி ஷூ வாங்கும்போது 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று ரொம்பப் பெரிதாகவோ, விரல்களை நெருக்கும் அளவுக்குச் சின்னதாகவோ வேண்டாம். நுனிக்காலில் நடப்பது, விரலால் கூழாங்கல் பொறுக்குவது போன்ற பயிற்சிகள் வளைவைக் கொண்டுவரும் என்று உறுதி சொல்ல முடியாது. விளையாட்டாகச் செய்தால் கெடுதல் இல்லை.

எப்போ கட்டாயம் மருத்துவரிடம் போகணும்?

'தானா சரியாகும்' என்பது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் நீவிவிடும் இடத்துக்குப் போகாமல், குழந்தைகள் நல மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள்.

• நுனிக்காலில் நின்றாலும் வளைவு வரவில்லை, பாதம் விறைப்பாக இருக்கிறது.
• ஒரு கால் மட்டும் தட்டையாக இருக்கிறது.
• பாதத்திலோ கணுக்காலிலோ வலி தொடர்கிறது, விளையாட்டை நிறுத்த வைக்கிறது.
• காலையில் எழுந்ததும் நொண்டுகிறது, மூட்டு வீங்கியிருக்கிறது.
• நன்றாக நடந்த குழந்தை அடிக்கடி விழுகிறது, தரையிலிருந்து எழ, தன் தொடையிலேயே கை ஊன்றுகிறது.
• எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது, குதிகால் தரையைத் தொடுவதில்லை.
• முன்பு வளைவு இருந்த பாதம் இப்போது தட்டையாகிக்கொண்டே போகிறது.

கிரிவலம் முடித்த இரவு இரண்டு காலும் வலித்து, காலையில் எழுந்து ஓடி விளையாடும் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 14 கிலோமீட்டர் நடந்தால் வளைவு உள்ள காலும் வலிக்கும்.

கைச் சிகிச்சையின் உண்மையான ஆபத்து இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பாதத்தை நீவுவதால் எலும்பு உடைந்துவிடாது. ஆனால் தசைநோயோ மூட்டு அழற்சியோ இருக்கும் ஒரு குழந்தை 'இன்னும் ஆறு சிட்டிங்' என்று மாதங்களைக் கழித்தால், அந்த மாதங்கள் திரும்பி வராது.

திருவண்ணாமலையில் எங்கே காட்டலாம்?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் குழந்தைகள் நல மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரவேண்டும். பிறவிக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதம் உட்பட 30 வகைப் பிரச்சினைகளை அவர்கள் பரிசோதிக்கிறார்கள். குழு வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "நடக்கும்போது ஒரு வித்தியாசம் தெரியுது" என்று நீங்களே சொல்லுங்கள். செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கம் இருப்பவர்கள் அதற்காகவே நகரத்துக்கு வர வேண்டியதில்லை.

தட்டைப் பாதம்னா ராணுவத்துல சேர முடியாதா?

வேலூர், திருவண்ணாமலை பக்கம் இந்தக் கேள்விக்கு வெயிட் அதிகம். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று சொல்லும் கிராமங்கள் உள்ள பகுதி இது. சிகிச்சை விளம்பரங்களும் இந்தப் பயத்தைத் தொட்டுப் பேசுகின்றன.

என்.டி.ஏ. போன்ற ராணுவ அதிகாரி தேர்வு அறிவிப்புகளின் மருத்துவ விதிகள் என்ன சொல்கின்றன? நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்ப வந்தால், நுனிக்காலில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்தால், பாதம் நெகிழ்வாக, வலி இல்லாமல் இருந்தால் ஏற்கலாம். இறுகிய தட்டைப் பாதம் என்றால் தகுதி இல்லை. அதாவது ராணுவமும் நாம் மேலே பார்த்த அதே சோதனையைத்தான் வைக்கிறது. ஆனால் எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு அறிவிப்பு, தட்டைப் பாதம் இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறது. எனவே விண்ணப்பிக்கும் வயதில் அந்தந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, ஒரு எலும்பு மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிக்கொள்வது நல்லது. நான்கு வயதுக் குழந்தையின் பாதத்தைப் பார்த்து இப்போதே அந்தத் தேர்வில் பெயிலாக்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன்னாடி என்ன கேட்கணும்?

ஒரு அமர்வுக்கு 800 ரூபாய், மொத்தம் 12 அமர்வு என்று வைத்துக்கொண்டால்கூட 9,600 ரூபாய். ஊருக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் தனி. அதற்கு முன் நான்கு கேள்விகள்:

• என் குழந்தைக்கு இருப்பது நெகிழும் வகையா, இறுகிய வகையா? எப்படிச் சோதித்தீர்கள்?
• ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?
• எத்தனை அமர்வில், எதை வைத்து அளந்து, பலன் வந்தது என்று சொல்வீர்கள்?
• எந்த நிலையில் நீங்களே எலும்பு மருத்துவரிடம் அனுப்புவீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு "முதுகு வளைஞ்சிடும், முட்டி போயிடும்" என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வலி இல்லாமல் ஓடியாடும் குழந்தையின் நெகிழும் தட்டைப் பாதத்துக்கு, வருடத்துக்கு ஒருமுறை அந்த நுனிக்கால் சோதனையைச் செய்து பார்ப்பதே போதுமான கவனிப்பு.